கனைப்புக்குக் கிளம்பிய பேருந்துகள்

அந்தப் பேருந்து நிலையத்தின் அறிவிப்பு அறையில் இரண்டு பேர் உட்காரலாம். மூன்றாவது ஆள் வந்தால் ஒருவர் எழுந்து நிற்க வேண்டும். பதினாறு வருஷமாக அங்கே மைக் அவள் கையில்தான். பொத்தானை அழுத்துவாள். தொண்டையிலிருந்து “க்ஹும்” என்று ஒரு கனைப்பு வரும். பிறகுதான் ஊர், நேரம், நடைமேடை எண் எல்லாம். ஓட்டுநர்கள் அவளுக்கு வைத்த பெயர் கனைப்பக்கா.

சளியெல்லாம் கிடையாது. எட்டு வயதில் கண்சிமிட்டலாக ஆரம்பித்தது. தன்னைக் கேலி செய்கிறாள் என்று நினைத்துக் கணக்கு வாத்தியார் ஸ்கேலால் விளாசினார். கண் அடங்கியதும் தொண்டை ஆரம்பித்தது. வீட்டில் இருமல் மருந்தைச் சீசா சீசாவாக ஊற்றினார்கள். நரம்பு செய்த வேலைக்குக் குழந்தை அடி வாங்கியது. அடித்தவரை ஒருவரும் ஏனென்று கேட்கவில்லை.

புதிதாக வந்த நிலைய அதிகாரி ஒரு காகிதத்தை நீட்டினார். “பயணி ஒருத்தர் புகார் எழுதியிருக்கார்மா, காதுக்கு அருவருப்பா இருக்காம். மூணு மாசம் டைம். நிக்கலைன்னா மைக்கை வேற ஆளுகிட்ட குடுத்துட்டு நீங்க தொலைஞ்ச சாமான் ரூமுக்குப் போயிடுங்க.”

தொலைந்த சாமான் அறையில் குடைகளும் ஒற்றைச் செருப்புகளும்தான் துணை. அவளுக்குப் பேச வேண்டும். அன்றே ஆஸ்பத்திரிக்குப் போனாள்.

டாக்டர் இது நரம்புக் கோளாறு என்று சொல்லி, பயிற்சிக்கு எழுதிக் கொடுத்தார். பயிற்சி கொடுப்பவள் இவளைவிடப் பத்து வயது சின்னவள். “இது கெட்ட பழக்கம் இல்லக்கா. பல்லைக் கடிச்சு அடக்குங்கன்னு சொல்ல மாட்டேன். கனைப்பு வர்றதுக்கு முன்னாடி என்ன தோணுது?”

முப்பது வருஷத்தில் இதை யாரும் கேட்டதில்லை. யோசித்தாள். “தொண்டைக்குள்ள முடி ஒண்ணு ஒட்டிக்கிட்ட மாதிரி.”

“அதுதான் நமக்குப் பிடி. அது தோணின உடனே வாயை மூடி, மூக்கால மெதுவா மூச்சு விடுங்க. உறுத்தல் குறையற வரைக்கும். ஒரு நிமிஷம்கூட ஆகலாம். அப்படி மூச்சு விடறப்ப கனைக்க முடியாது. அடியோட போயிடும்னு சொல்லல, நிறையக் குறையும்.”

லிஃப்ட் மெக்கானிக்கான இவள் கணவனையும் பயிற்சி கொடுப்பவள் கூப்பிட்டனுப்பினாள். ஒவ்வொரு கனைப்புக்கும் “ஆங், வந்துடுச்சு” என்று சொல்வது அவன் வழக்கம்.

“சார், கனைப்பு வந்தா உங்களுக்குக் காது கேக்காதுன்னு வெச்சுக்குங்க. பயிற்சி செஞ்சா மட்டும் நல்லாருக்குன்னு சொல்லுங்க.”

“இருபது வருஷமா வாயை மூடுன்னு இவளும் சொல்லிப் பாத்துட்டா. இப்ப டாக்டர் சீட்டோட வந்திருக்கா.”

முதல் வாரம் கனைப்பு கூடிவிட்டது போலிருந்தது. உண்மையில் அதுவரை பாதியை அவள் கவனித்ததே இல்லை. பாத்திரம் கழுவும்போது, வரிசையில் நிற்கும்போது, அறிவிப்புக்கு இரண்டு நிமிஷம் முன்னால் என்று விடாமல் மூச்சைப் பழகினாள். பத்தாவது வாரம், ஒரு காலைப்பொழுது முழுக்க ஒரு கனைப்புகூட இல்லாமல் அறிவித்தாள்.

அன்றைக்குத்தான் வந்தது வினை. எட்டேகால் வண்டி நகரவில்லை. மறுபடி அறிவித்தாள். அசையவில்லை. அடுத்தடுத்து ஐந்து வண்டிகள் அப்படியே நின்றன. ஓட்டுநர்கள் குழாயடியில் கதை பேசிக்கொண்டிருந்தார்கள். கதவைத் திறந்துகொண்டு ஓடினாள்.

“என்னண்ணே, நேரம் சொன்னேனே, காதுல விழலையா?”

“அட, நீங்கதானா? நீங்க லீவுன்னு நினைச்சோம். யாரோ என்னமோ பேசிட்டிருந்தாங்க.”

“நடைமேடை நம்பர்கூடச் சொன்னேனே!”

“அதையெல்லாம் யாருக்கா கேட்டா? கனைப்பு வந்தா தலையைத் தூக்குவோம், மணியைப் பார்ப்போம், கிளம்புவோம்.”

பதினாறு வருஷம் அவள் வாய் வலிக்கப் பேசியது காற்றோடு போயிருந்தது.

மதியம் அதிகாரி கூப்பிட்டு, ஃபைலைப் புரட்டியபடியே சொன்னார். “அறிவிப்புக்கு முன்னாடி மட்டும்... லேசா, பழையபடி ஒரு தடவை கனைச்சிட்டீங்கன்னா...”

அவள் தொண்டையில் முடி ஒட்டியது. வாயை மூடி மெதுவாக மூச்சு விட்டாள். முக்கால் நிமிஷம். அதிகாரி பேனாவைத் திறந்து மூடினார்.

“சார், என் தொண்டை ஆபீஸ் சாமான் இல்ல. அறிவிப்புக்கு முன்னாடி அடிக்க மணி ஒண்ணு வாங்கி மாட்டுங்க. மைக் என்கிட்டதான் இருக்கும். என்னைக்காவது கனைப்பு தப்பி வந்தாலும் இருக்கும். அதை எழுத்துல குடுங்க.”

“எழுத்துலயா? எதுக்கும்மா?”

“புகார் எழுத்துலதானே சார் வந்துச்சு.”

அன்று காலை ஐந்து வண்டி தாமதமானதற்கு மேலிடத்துக்கு அவர் பதில் எழுத வேண்டியிருந்தது. மேலிடத்துக்கு ஒன்று, அவளுக்கு ஒன்று என இரண்டு கடிதங்களையும் ஒன்றாகவே எழுதினார்.

மணியைக் கணவன்தான் பழைய லிஃப்டிலிருந்து கழற்றி வந்து மாட்டினான். “டிங்” என்றதும், “எத்தனாவது மாடிக்கா?” என்று ஓட்டுநர்கள் கத்துவார்கள். கடிதம் மேசை இழுப்பறையில் இருக்கிறது. அசதியான நாட்களில் கனைப்பும் வருகிறது. அதற்கு யாரும் தலையைத் தூக்குவதில்லை. மணிக்குக் காத்திருக்கிறார்கள்.