புசல்லாவைக் கலியாணத்துக்கு வழி

நாக்கு நுனியில் தொட்டு எழுதினால் ஊதாவாக மாறும் பென்சில் ஒன்று அந்த நாளில் அலுவலகங்களில் புழங்கியது. அதன் கசப்பு இன்றும் என் வாயில் இருக்கிறது. இரும்புச் சாவியை வாயில் அடக்கி வைத்திருந்தது போன்ற கசப்பு அது. முப்பதுகளின் நடுவில், எனக்குப் பன்னிரண்டு வயதான ஓர் ஆடி மாதத்தில், அந்தப் பென்சிலால் நாற்பத்திரண்டு தாள்கள் எழுதி முடித்தேன். கண்டியில் நான் படித்த பள்ளிக்கூடத்தின் ஆசிரியை என்னை நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்துவிட்டு, பிள்ளைக்கு என்ன நோய் என்று கேட்டு வீட்டுக்குக் கடிதம் எழுதினார். நோய் ஒன்றும் இல்லை, கலியாண வேலை என்று அப்பா பதில் எழுதி அனுப்பினார்.

அந்தத் தாள்களுக்கு எங்கள் வீட்டில் “பயணக் கடுதாசி” என்று பெயர். புசல்லாவையிலிருந்து மூன்று மைல் மேலே, வண்டிப்பாதையின் முடிவில் இருந்த ஒரு மாட்டுப் பண்ணைக்கு ஒரு மனிதரைக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டியது ஒவ்வொரு தாளின் வேலை.

கலியாணம் என் சின்னம்மாவுடையது. அம்மாவின் தங்கை, பெயர் பாக்கியம், வயது இருபத்தொன்பது, புசல்லாவையில் பள்ளிக்கூட ஆசிரியை; சனி ஞாயிறுகளில் கண்டிக்கு எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவார். தாய் தகப்பன் காலமாகிவிட்டதால் குடும்பத்துக்குத் தலை, இரு சகோதரிகளுக்கும் மூத்தவரான பெரியமாமா. கண்டிக் கச்சேரியில், அதாவது அரசாங்க அதிபரின் அலுவலகத்தில், தலைமைக் கிளாக்கர். மாப்பிள்ளையின் பெயர் பெருமாள். அவருடைய தகப்பனார் இந்தியாவிலிருந்து தேயிலைத் தோட்டத்துக்கு வந்து கங்காணியானவர்; மகன் ஒன்பது ஏக்கர் நிலம் வாங்கி, பதினாறு பசுக்கள் வைத்துப் பால் விற்றார். நாங்களோ யாழ்ப்பாணத்தார். கண்டியில் இரண்டு தலைமுறை வாழ்ந்த பின்பும் யாழ்ப்பாணத்தாராகவே இருந்தோம். தோட்டத்து மனிதர்களை எங்கள் வீடுகளில் “அந்தப் பகுதி” என்பார்கள். அதற்கு மேல் ஒரு சொல்லும் சொல்லமாட்டார்கள், சொல்லவும் தேவை இருக்கவில்லை.

செய்தி அறிந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை பெரியமாமா எங்கள் வீட்டுக்கு வந்தார். கொடுத்த கோப்பியைத் தொடவில்லை. தடுத்து நிறுத்த முடியாது என்று தெரிந்தபின், குடையை எடுத்துக்கொண்டு எழும்பியபடி சொன்னார்: “செய்யிறதெண்டால் அந்த மாட்டுப் பட்டியிலேயே சத்தமில்லாமல் செய்யுங்கோ. கண்காணாத இடம். ஒளிச்சு வைக்க நல்லது.”

சின்னம்மா அவரை வாசல்வரை கொண்டுபோய் விட்டார். “ஓம் அண்ணை, அங்கேயே செய்வம்,” என்றார். “ஆனால் எல்லாரையும் கூப்பிடுவன்.”

கூப்பிட்டார். பதில்கள் வந்தன. எங்கள் ஆட்கள் கலியாணத்துக்கு வரமாட்டோம் என்று எழுதுவதில்லை. அது மரியாதை இல்லை. வரத்தான் ஆசை, ஆனால் பயணம் ஒத்துவராது என்றுதான் எழுதுவார்கள். கம்பளைக்கு அப்பால் வழி தெரியாது என்று ஒருவர், மழையில் அட்டை கடிக்கும் என்று ஒருவர், பெண்பிள்ளைகளோடு பஸ்ஸில் நெரிபட முடியாது என்று ஒருவர், அங்கே யார் சமைப்பார்களோ என்று இன்னொருவர். பெரியமாமாவுக்கு முழங்கால் நோவு. யாழ்ப்பாணத்திலிருந்து வந்த கடிதங்கள் எல்லாம், பெரியமாமா போனால் அவரோடு சேர்ந்து வருவதாகச் சொல்லின.

சின்னம்மா எல்லாவற்றையும் சாப்பாட்டு மேசையில் பரப்பி வைத்து ஒவ்வொன்றாகச் சத்தமாக வாசித்தார். பிறகு அப்பாவைப் பார்த்து, “ஒருத்தரும் மாப்பிள்ளை ஆரெண்டு கேக்கேல்லை, அத்தான். வழிதான் கேட்டிருக்கினம். வழியைச் சொல்லுவம். பிறகும் வராட்டி, ஏன் வரேல்லையெண்டதைத் தங்கடை வாயாலை சொல்லட்டும்,” என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார், ஆனால் அன்று பின்னேரம் அம்மா அவருக்குத் தலை வாரிவிட்டபோது, “என்ரை ஆக்கள் இருக்கிற பாய் வெறும் பாயாக் கிடந்தால், அக்கா, அவரின்ரை தாய் என்னை என்னெண்டு நினைப்பா?” என்று கேட்டதும் எனக்குக் கேட்டது. அவர் அஞ்சியது அந்த வெறும் பாய்க்குத்தான்.

அப்பா கண்டிப் புகையிரத நிலையத்தின் சாமான் கொட்டகையில் கிளாக்கர். ஒரு பெட்டி கொச்சிக்காய் எந்த வண்டியில் ஏறி எந்தச் சந்தியில் மாறி எப்போது பதுளை போய்ச் சேரும் என்று நித்திரையிலும் சொல்லக்கூடியவர். மனிதர்களை அனுப்புவதும் அதே வேலைதான் என்று அவருக்கு உற்சாகம் பிறந்துவிட்டது. வீட்டுக்கு ஒரு தாள் போதும் என்று கணக்கிட்டுப் பதினொரு தாள் கொண்டுவந்தார்.

“காணாது,” என்றார் சின்னம்மா. “ஆளுக்கு ஒண்டு. அவரவர் பேரிலை.”

“ஒரு வீட்டிலை இருக்கிறவை ஒண்டைப் பாத்து வரமாட்டினமோ?”

“வீட்டுக்கு ஒண்டெண்டால் அது அண்ணையின்ரை சட்டைப்பையுக்கை போயிடும், அத்தான். மச்சாளின்ரை கண்ணிலையும் படாது.”

அப்பா மறுநாள் மேலும் தாள் கொண்டுவந்தார். கையெழுத்து நேராக இருக்கும் என்பதால் எழுதும் வேலை எனக்கு வந்தது.

எழுதுவதற்கு முன், அடுத்த ஞாயிற்றுக்கிழமை, அப்பாவும் நானும் அந்தப் பயணத்தை ஒருமுறை செய்து பார்த்தோம். அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்துச் சொல்லச் சொல்ல நான் கொப்பியில் குறித்தேன். காலை ஆறு ஐந்துக்குக் கண்டியில் புகையிரதம், எங்கள் பேச்சில் “கோச்சி”. பேராதனைச் சந்தியில் எதிர்மேடையில் மாறவேண்டும். கம்பளையில் இறங்கி வலப்பக்கம் இருநூற்று நாற்பது அடி நடந்தால் பஸ். புசல்லாவையில் நீலக் கதவுத் தேநீர்க்கடை. அந்தக் கடைவாசலில் பெருமாள் எங்களுக்காகக் காத்திருந்தார். அவரை அன்றுதான் முதலில் பார்த்தேன். மேலே ஏறும் மூன்று மைலுக்கு என்ன செய்வது என்று அப்பா கவலைப்பட, அவர், “நீங்க யோசிக்காதீங்க. பால் வண்டி காலையில ஆறு மணிக்கு நெறஞ்சு எறங்கும், ஒம்பதுக்கு வெறும் வண்டியாத்தான் ஏறும். அதுல வாங்க,” என்றார். அப்பாவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. வெறுமனே திரும்பும் வண்டி ஒன்றைக் கண்டுபிடித்த புகையிரதக்காரரின் மகிழ்ச்சியை நான் அதன்பிறகு வேறு யாரிடமும் கண்டதில்லை.

இப்படித்தான் கடுதாசி உருவாயிற்று. அட்டைக்கு எலுமிச்சையும் உப்பும் நீலக் கதவுக் கடையில் இருக்கும் என்று எழுதினோம். முழங்கால் நோவுள்ளவர்களுக்காகப் பால் வண்டியில் ஒரு சாய்வு நாற்காலி, எங்கள் “சாய்மனைக் கதிரை”, கட்டப்பட்டிருக்கும் என்று எழுதினோம். அப்பா முடித்துவிட்டார் என்று நினைத்தபோது அம்மா அடுப்படியிலிருந்து வந்து, “பொம்பிளையள் வழியிலை எங்கை ஒதுங்கிறது? அதை எழுதாமல் என்ன வழி?” என்று கேட்டார். அப்பா அதை நினைத்தே பார்க்கவில்லை. ஆகவே, கம்பளை நிலையத்தில் பெண்களுக்கு மறைவிடம் உண்டு என்பதும், புசல்லாவையில் தேநீர்க்கடைக்காரரின் மனைவியிடம் கேட்கலாம் என்பதும், பஸ் நெரிசலாக இருந்தால் அடுத்ததற்கு நிற்கலாம், மூன்றாவது பஸ்ஸில் வந்தாலும் முகூர்த்தம் தப்பாது என்பதும் சேர்ந்தன.

மிஞ்சியது சமையல். யார் சமைப்பார்கள் என்று கேட்டவருக்கு என்ன கேட்கிறோம் என்று தெரியும், எங்களுக்கும் தெரியும். கண்டியிலிருந்து ஒரு பிராமணச் சமையற்காரரைக் கூட்டிப்போகலாம், செலவு தன்னுடையது என்று அப்பா தயங்கித் தயங்கிச் சொன்னார். சின்னம்மா என் பக்கம் திரும்பி, “எழுது பிள்ளை,” என்றார். “சமைப்பவர்கள் மாப்பிள்ளை வீட்டார். பசியோடு வரவும்.”

நாற்பத்திரண்டு தாளிலும் கடைசி வரி அதுதான்.

தாள்கள் தபாலில் போயின. பெரியமாமா வீட்டில் நடந்ததைப் பெரியமாமி எனக்குப் பின்னாளில் சொன்னார். தபாற்காரன் வாசலில் நின்று “நாகம்மா, நாகம்மா” என்று கூப்பிட்டானாம்; அது தன் பெயர்தான் என்று அவருக்கு உறைக்கக் கொஞ்ச நேரம் ஆனதாம். கலியாணமாகி இருபத்தாறு வருடத்தில் அவர் பெயருக்கு வந்த முதல் கடிதம் அது. அதுவரை வந்த அழைப்புகள் எல்லாம் கணவர் பெயரோடு “குடும்ப சமேதராய்” என்ற இரண்டு சொற்களில் அவரை அடக்கியிருந்தன.

ஆவணியில் கலியாணம். நானும் அப்பா அம்மாவும் முதல்நாளே பண்ணைக்குப் போய்விட்டோம். அன்று காலை நான் பால் வண்டியில் இறங்கி, நீலக் கதவுக் கடை வாசலில் பட்டியலும் பென்சிலுமாக நின்றேன். பூமழை தூறிக்கொண்டிருந்தது. வண்டியில் சாய்மனைக் கதிரை கயிற்றால் கட்டப்பட்டு, மேலே சாக்குப் போட்டு மூடியிருந்தது. முதல் பஸ்ஸில் அப்பாவோடு வேலை செய்த இருவரும் சின்னம்மாவின் தோழி ஒருவரும் வந்து மேலே நடந்து போனார்கள். இரண்டாவது பஸ்ஸில் ஒருவருமில்லை.

வண்டிக்காரர் சின்னையா மாட்டின் முதுகைத் துடைத்துக்கொண்டே, “பாப்பா, யாருக்கு இந்த நாற்காலி? கவர்னர் தொரைக்கா?” என்று கேட்டார்.

“எங்கடை பெரியமாமாவுக்கு.”

“வருவாரா?”

நான் பட்டியலில் பெரியமாமாவின் பெயரைத் தேடினேன். வெறும் கதிரை மலை ஏறுவதைச் சின்னம்மா மேலேயிருந்து பார்க்கப் போகிறார் என்பது மட்டுமே எனக்குள் ஓடியது.

மூன்றாவது பஸ்ஸிலிருந்து பெரியமாமி இறங்கினார். தனியாக. கையில் கடுதாசி.

“மாமா எங்கை?” என்றேன்.

“அவருக்கு முழங்கால் ஏலாதாம்,” என்றார் மாமி. “எனக்கு ஏலும்.”

அவருக்குப் பின்னால் இன்னும் ஏழு பெண்கள் இறங்கினார்கள், கண்டியில் எங்கள் உறவு வீடுகள் ஐந்திலிருந்தும். பேசி வைத்துக்கொண்டு வந்தவர்கள் இல்லை. கண்டி மேடையில் ஒருவரையொருவர் கண்டு முந்தானைக்குள் கடுதாசியை ஒளிக்கப் பார்த்தார்களாம்; பிறகு எல்லார் கையிலும் அதே ஊதா எழுத்து இருப்பது தெரிந்து சிரித்துவிட்டார்களாம். விடியற்காலையில் கோப்பியைக் கொடுத்துவிட்டு, போய்வருகிறேன் என்று மாமி சொன்னபோது பெரியமாமா, “உனக்கு வழி தெரியுமோ?” என்று ஒன்றே ஒன்று கேட்டாராம். “கடுதாசியிலை கிடக்கு,” என்றாராம் மாமி.

சாய்மனைக் கதிரையில் அவரை ஏற்றினோம். அவர் வீட்டில் அப்படியான கதிரையில் பெரியமாமா மட்டுமே இருப்பார். “பால் குடம் மாதிரி ஆடாம உக்காருங்கம்மா,” என்றார் சின்னையா. மற்றவர்கள் வண்டிக்குப் பின்னால் சேலையை உயர்த்திப் பிடித்துக்கொண்டு, அட்டை வந்தால் கத்திக்கொண்டு நடந்தார்கள். பாதிவழியில் ஒரு பெண், நாங்களும் முறைவைத்துக் கதிரையில் இருப்போமே என்று கேட்க, மாமி, “கடுதாசியிலை முழங்கால் நோவெண்டுதான் போட்டுக் கிடக்கு. உனக்கு நோகுதோ? அப்ப நட,” என்றார்.

மேலே போய்ச் சேர்ந்ததும் பார்த்தால் மாமியின் வலது உள்ளங்கை முழுவதும் ஊதா. தூறலில் நனைந்த தாளைக் கண்டியிலிருந்து கைவிடாமல் பிடித்துக்கொண்டே வந்திருக்கிறார். அந்தக் கையால்தான் மணமக்களுக்கு அறுகரிசி தூவி வாழ்த்தினார். பெருமாளின் தாயார் அதைப் பார்த்து, “என்னங்கம்மா, மருதாணியா?” என்று கேட்டார். “ஓம், எங்கடை பிள்ளை போட்டது,” என்று மாமி என்னைக் காட்டினார்.

தாலி கட்டி முடிந்து பந்தி போட்டார்கள். மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் வாழையிலை விரித்துவிட்டு, சோற்றுச் சட்டியோடு ஒதுங்கி நின்றார்கள். எங்கள் பெண்கள் எழுவரும் மாமியின் முகத்தையே பார்த்தார்கள். வருவது ஒன்று, அவர்கள் கைச்சோற்றை உண்பது வேறு என்று எல்லாருக்கும் தெரியும். சின்னம்மா மணவறையிலிருந்து நிமிர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

மாமி போய் முதல் இலையில் இருந்தார். “பசியோடை வரச் சொல்லிக் கிடந்தது,” என்று பெருமாளின் தாயாரிடம் சொன்னார். “நான் விடியவும் சாப்பிடேல்லை. போடுங்கோ.”

இருமுறை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். பாயில் இடம் போதாமல் நான் நின்றுகொண்டு சாப்பிட்டேன்.

அந்த ஊதா நிறம் எலுமிச்சைக்கும் சாம்பலுக்கும் போகவில்லை. எட்டு நாள் இருந்தது. எட்டு நாளும் பெரியமாமா அந்தக் கையால் பரிமாறிய சோற்றைத்தான் சாப்பிட்டார். ஒன்றும் கேட்கவில்லை. பண்ணைக்கு அவர் கடைசிவரை போகவும் இல்லை.

இன்று பண்ணை வாசலுக்கே பஸ் போகிறது. பால், லொறியில் இறங்குகிறது. நீலக் கதவுக் கடை இருந்த இடத்தில் சீமெந்துக் கட்டிடம். நாக்கில் தொட்டு எழுதும் பென்சிலைக் கண்டிக் கடைகளில் கேட்டுப் பார்த்தேன், இல்லை என்றார்கள். மாமியும் சின்னம்மாவும் இல்லை. பயணம் ஒத்துவராது என்று சொல்ல இப்போது யாராலும் முடியாது. வராதவர்கள் வேறு காரணம் தேடவேண்டியிருக்கிறது.

சென்ற மாதம் ஒரு கலியாண வீட்டில் எங்கள் உறவினர் ஒருவர், பெரிய மனிதர், இளையவர்களுக்குக் குடும்பக் கதை சொல்லிக்கொண்டிருந்தார். “பாக்கியத்தின்ரை கலியாணத்துக்கு எங்கடை பகுதியிலை ஒருத்தரும் போகேல்லை,” என்றார். கூட்டத்தில் ஒருவரும் மறுக்கவில்லை. வீட்டுத் தலைவர்கள் போகாவிட்டால் ஒருவரும் போகவில்லை என்றுதான் அவர்களுடைய கணக்கு. நான் அந்த இடத்திலேயே மறுத்தேன். போதாதென்று இங்கேயும் எழுதுகிறேன். நான் கடை வாசலில் நின்று குறித்த பட்டியல், மழைத்துளிகளோடு, என் நாட்குறிப்புகளுக்கிடையில் இருக்கிறது. பெரியமாமாவின் பெயருக்கு நேரே ஒன்றுமில்லை. அதற்கு அடுத்த வரி இது:

நாகம்மா. வந்தார். மூன்றாவது பஸ்.