எதற்கும் இருக்கட்டும் என்று எல்லாவற்றையும் எழுதச் சொன்னேன்

ஒரு சனிக்கிழமை காலை, முடிச்சூர் வீட்டின் சாப்பாட்டு மேசைமுன் உட்கார்ந்தபடி, நான் செத்துக்கொண்டிருக்கிறேன் என்று முழுமனதாக நம்பினேன். சந்தேகப்பட இடமே இல்லை, கண்ணெதிரே திரையில் தெரிந்தது. என் இதயத் துடிப்பைக் காட்டும் பச்சைக் கோடு மேலும் கீழுமாக ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தது. திடீரென்று படுத்துவிட்டது. நேர்கோடு. கருவி ‘பீஈஈ’ என்று ஊளையிட்டது. பிறகு ஏதோ மனம் மாறியதுபோல எழுந்து, இரண்டு குதி குதித்து, மறுபடி படுத்தது.

உடனே நான் செய்த முதல் காரியம் மூச்சைப் பிடித்துக்கொண்டது. இதயம்தான் போய்விட்டது, மூச்சையாவது கையிருப்பில் வைத்துக்கொள்வோம் என்று நினைத்திருப்பேன் போலிருக்கிறது. அந்தக் கருவியைச் செய்தவர்களில் நானும் ஒருவன் என்பது அந்த நேரத்தில் துளியும் ஞாபகம் வரவில்லை.

கீழ்க்கட்டளையில் ஒரு மருந்துக்கடையின் மாடியில் இருக்கிறது எங்கள் சின்னக் கம்பெனி. சிறிய ஆஸ்பத்திரிகளில் கட்டிலுக்குப் பக்கத்தில் வைக்கும் இதயத்துடிப்புக் கருவி செய்கிறோம். உள்ளே ஓடுவது லினக்ஸ். அதன் அடிமையத்தைக் கெர்னல் என்பார்கள். எந்த மென்பொருளுக்கு எப்போது முறை கொடுப்பது, எந்தப் பாகம் கூப்பிட்டால் ஓடிப்போய்க் கவனிப்பது என்று ஓயாமல் பங்கிட்டுக்கொண்டே இருப்பது அதன் வேலை. அதைப் பார்த்துக்கொள்வது என் வேலை. அலாரம் அடிக்கும்போது கோடு ஒரு மயிரிழை அதிர்கிறது என்று சோதனையில் ஒரு குறை வந்தது. கண்டுபிடிக்கிறேன் பேர்வழி என்று கருவியை வீட்டுக்குத் தூக்கிவந்தேன். சோதிக்க ஒரு நோயாளி வேண்டுமே? சட்டையைக் கழற்றி ஒயர்களை என் நெஞ்சிலேயே ஒட்டிக்கொண்டேன்.

சத்தம் கேட்டு மனைவி கரண்டியோடு வந்தாள்.

“என்னங்க அது, குக்கரா?”

“குக்கர் இல்லம்மா. நான்தான்.”

திரையைப் பார்த்தவள் கரண்டியைக் கீழே போட்டாள். “நெஞ்சு வலிக்குதா?”

“இன்னும் இல்ல.”

“வேர்க்குதே உங்களுக்கு!”

“ஃபேன் போடலியே.”

அவள் பள்ளிக்கூட டீச்சர். என் பதிலை வைத்து என்னை மதிப்பிடாமல், மாடிப்படியில் நின்று வீட்டுக்காரரைக் கூப்பிட்டாள். இந்த மனைகளெல்லாம் வயலாக இருந்தபோது இதே இடத்தில் நெல் போட்ட குடும்பம் அவருடையது. இப்போது வாடகை விளைகிறது. லுங்கியை மடித்துக்கட்டியபடி இறங்கி வந்தார்.

“இன்னா சார், மூஞ்சி சுண்ணாம்பு மாரி கீது?”

“ஹார்ட் நிக்குதுங்க.”

“நின்னா எப்டி சார் பேசிகினு கீற?”

“நடுவுல நடுவுல நிக்குது.”

இந்த விளக்கம் அவருக்குப் போதுமானதாக இருந்தது. கார் சாவியை எடுக்க ஓடினார். நான் ஒயர்களைப் பிய்த்துப் போட்டுவிட்டுச் சட்டையைப் பின்பக்கம் முன்பக்கமாக மாட்டிக்கொண்டு கிளம்பினேன்.

காரில் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டேன். உருக்கமாக ஏதாவது சொல்ல வேண்டும் என்றுதான் வாயைத் திறந்தேன். “இன்சூரன்ஸ் பேப்பர் பரண்மேல நீல டிரம்முல இருக்கு” என்றுதான் வந்தது.

“எந்த நீல டிரம்மு? மேல பூரா டிரம்முதானே?”

“எதுல வேணா பாரு. எல்லாத்துலயும் ஒரு காப்பி இருக்கு.”

இது நாங்கள் வெள்ளம் பார்த்த ஊர். அன்று இடுப்பளவுத் தண்ணீரில் வீட்டைவிட்டு வெளியேறியதிலிருந்து என் வாழ்க்கைக்கு ஒரே கொள்கைதான்: எதற்கும் இருக்கட்டும். பரண் முழுக்கக் கயிறு, மெழுகுவத்தி, டார்ச், காற்றடைத்த லாரி டியூப். எங்கள் தெருவில் ஏறக்குறைய எல்லாப் பரணும் இப்படித்தான். அங்கே வேண்டியதைத் தேடி எடுப்பதற்குள் இன்னொரு வெள்ளம் வந்து போய்விடும்.

“குன்றத்தூர் முருகனுக்கு மொட்ட போட்றேன்னு வேண்டிக்க சார்” என்றார் வீட்டுக்காரர், முன்னால் போன ஷேர் ஆட்டோவை ஹாரனால் திட்டிக்கொண்டே.

“தலையில ஏற்கெனவே ஒண்ணும் இல்லியே.”

கண்ணாடியில் என்னை ஒருமுறை அளந்தார். “அப்போ மீசைய குட்த்துடு.”

கொடுக்கிறேன் என்று வேண்டிக்கொண்டேன். அந்த நிமிடம் கேட்டிருந்தால் புருவத்தையும் கொடுத்திருப்பேன்.

மெயின் ரோட்டு கிளினிக்கில் இருந்த டாக்டரம்மா ஈசிஜி எடுத்தார், ரத்த அழுத்தம் பார்த்தார், கொஞ்ச நேரம் படுக்கவைத்து மறுபடி எடுத்தார். “ஒண்ணுமில்ல சார். பயத்துல கொஞ்சம் வேகமா ஓடுது, அவ்வளவுதான். எங்கயும் நிக்கல.”

நான் விடவில்லை. “இல்ல டாக்டர், எங்க மிஷின்ல நின்னுது. நானே பார்த்தேன்.”

“எந்த மிஷின்?”

“ஆஸ்பத்திரிக்காக நாங்க செய்யறது.”

அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். “நல்லா ஓடுற ஹார்ட்டை நின்னுடுச்சுன்னு காட்டுற மிஷினா? அதை எந்த ஆஸ்பத்திரிக்கு சார் குடுக்கப் போறீங்க?”

சாவு பயம் போன இடத்தில் வேறொன்று வந்து உட்கார்ந்தது. எங்கள் கருவி காட்டும் பொய்யான நேர்கோட்டை நம்பி ஒரு நர்ஸ், நன்றாக இருக்கும் ஒருவர் நெஞ்சில் ஏறி அழுத்துவதாக ஒரு காட்சி. வீடு திரும்பும்வரை நான் ஒரு ஜோக்கும் சொல்லவில்லை. மனைவி அதைப் பார்த்துத்தான் மிகவும் பயந்துபோனாள்.

வீட்டில் கருவி மேசைமேல் அப்படியே ஓடிக்கொண்டிருந்தது. வீட்டுக்காரர் அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். “எனுக்கும் ஒருவாட்டி போட்டுப் பாரு சார்” என்று பனியனைத் தூக்கினார். ஒட்டினேன். கோடு குதித்தது, குதித்தது, படுத்தது. பீஈஈ.

“ஐயய்யோ! எனுக்கும் நிக்குதே!” அப்படியே சோபாவில் சாய்ந்துவிட்டார். நானும் பதறி அவர் மணிக்கட்டைப் பிடித்தேன். நாடி மத்தளம் மாதிரி அடித்துக்கொண்டிருந்தது. திரையில் இன்னும் நேர்கோடுதான்.

“ரெண்டு பேருக்கும் ஒரே மாதிரி நிக்குதுன்னா, நெஞ்ச விட்டுட்டு பொட்டியப் பாருங்க” என்றாள் மனைவி. “நேத்து இதுல என்னதான் பண்ணீங்க?”

“டிரேஸ் ஆன் பண்ணேன். உள்ள நடக்கிறத எல்லாம் எழுதி வைக்கும்.”

“எல்லாமேன்னா?”

“எல்லாமேதான். எதுக்கும் இருக்கட்டும்னு…”

அவள் நிமிர்ந்து பரணைப் பார்த்தாள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. வேண்டியிருந்தது அலாரம் ஒலிக்கும் கணமும், கோடு வரையும் மென்பொருளுக்கு முறை வரும் கணமும்தான். நானோ கெர்னலில் பதிவு செய்ய முடிந்த அத்தனை நிகழ்வையும் திறந்துவிட்டிருந்தேன். யாருக்கு முறை, யார் கூப்பிட்டது, எந்தக் கடிகாரம் தட்டியது, எல்லாம். போதாததற்கு அதை உடனுக்குடன் மெமரி கார்டில் இறக்கவும் சொல்லியிருந்தேன். கார்டில் எழுதுவதும் ஒரு நிகழ்வுதானே? எழுதினேன் என்று எழுதியது. அப்படி எழுதியதையும் எழுதியது. கருவியின் மூளையான அந்தச் சின்னச் செயலி வேறென்ன செய்யும்?

கீழ்க்கட்டளையில் இருக்கும் நண்பனுக்குப் போன் போட்டேன். கல்லூரியிலிருந்தே கூட இருப்பவன், கோடு வரையும் மென்பொருள் அவனுடையது.

“மச்சான், எனக்கு ஹார்ட் நின்னுடுச்சுடா.”

“சனிக்கிழமையுமா?”

நடந்ததைச் சொன்னேன். எல்லா நிகழ்வையும் திறந்துவிட்டதைச் சொன்னபோது, “அந்தச் செயலி பாவம்டா” என்றான். பிறகு அவன் குரலே மாறியது. “இரு, இரு. தரவு வரலன்னா என் ப்ரோகிராம் கடைசிப் புள்ளிய அப்படியே நீட்டும். அதான் நேர்கோடா தெரிஞ்சிருக்கு. ஐயோ, மச்சான்.” நெஞ்சில் ஏறி அழுத்தும் அந்த நர்ஸ் அவன் கண்முன்னும் வந்து நின்றிருக்க வேண்டும்.

டிரேஸ் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, அலாரத்துக்கும் வரைவதற்கும் உரியதை மட்டும் மறுபடி இயக்கினேன். பதிவைக் கார்டில் இறக்காமல் நினைவகத்திலேயே வைத்துக்கொள்ளச் சொன்னேன். வீட்டுக்காரரின் கோடு எழுந்தது. அவர் டீ குடித்து முடித்த பிறகும் அது படுக்கவில்லை. ஒயரைக் கழற்றவே அவருக்கு மனம் வரவில்லை.

மீசையைக் குன்றத்தூரில் கொடுத்துவிட்டேன். வேண்டுதல் வேண்டுதல்தான். அலுவலகத்தில் யாருக்கும் முதலில் அடையாளம் தெரியவில்லை. தரவு வராதபோது கோட்டை நீட்டாமல், ‘சிக்னல் இல்லை’ என்று காட்டும்படி நண்பன் மென்பொருளை மாற்றினான். அது முடிந்து, மறுபடி சோதித்த பிறகே கருவி ஆஸ்பத்திரிக்குப் போனது.

என் இதயம் அன்று ஒரு துடிப்பைக்கூடத் தவறவிடவில்லை. நான் எழுதச் சொன்னதையெல்லாம் எழுதிக்கொண்டிருந்த கெர்னலுக்கு, அந்தத் துடிப்பைத் திரைக்கு அனுப்ப நேரம் கிடைக்கவில்லை.