தின்னாத பிரியாணியும் நழுவிய பந்தும்

நடுவர் காசிநாதன் டவுன்காரர்களிடம் பிரியாணி வாங்கித் தின்றுவிட்டு மலைப் பிள்ளைகளின் மேட்சைக் கெடுத்துவிட்டான் என்று கள்ளக்குறிச்சி டீக்கடைகளில் பேசிக்கொண்டார்கள். பேச்சு தியாகதுருகம் வந்து சேர்ந்தபோது பிரியாணி முழு ஆடாகியிருந்தது. எலவனாசூர்கோட்டையில் அது புது பைக். மணலூர்பேட்டை வரை போயிருந்தால் ஆற்றோரமாக ஒரு காணி நஞ்சையே எழுதி வைத்திருப்பார்கள்.

சரி, எது நிஜம் என்று விசாரிக்கப் போனால் முதலில் பைக் கதை அடிபட்டுப் போனது. அவரிடம் இருப்பது சைலன்சரைக் கட்டுக்கம்பியால் இழுத்துக் கட்டிய பழைய மொபெட். ஆட்டை யாரும் பார்க்கவில்லை. பிரியாணிக்கு அவர் மனைவி கண்ணகியே எதிர்சாட்சி. மேட்ச் அன்று புளிச்சோறு கட்டிக் கொடுத்ததும் அவள்தான், காலியாக வந்த டப்பாவைக் கழுவியதும் அவள்தான்.

"புது பைக்க எங்கங்க நிறுத்தி வெச்சிருக்கீங்க? நானும் சந்தைக்கு ஒரு ரவுண்டு போயாறேன்."

"நீயுமாடி?"

"ஊரே சொல்லுது. எனக்குன்னு ஒரு எலும்பாச்சும் கொண்டாந்தீங்களா?"

காசிநாதன் சிரிக்கவில்லை. பிரியாணி பொய் என்பது அவருக்குத் தெரியும். மேட்ச் கெட்டது பொய்யா என்பதுதான் தெரியவில்லை.

தியாகதுருகம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் எரிந்துபோன தண்ணி மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டும் கடை அவருடையது. அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் வயலில் நடவு நட்டவர்கள். இவர் பள்ளிக்கூடத்தில் கூடைப்பந்து ஆட ஆசைப்பட்டார். உயரம் பற்றாது என்று ஸ்கோர் எழுத உட்கார வைத்தார்கள். எழுதி எழுதி விதிப் புத்தகம் மனப்பாடம் ஆனது. நடுவர் பரீட்சையில் இரண்டு தடவை கோட்டைவிட்டு மூன்றாம் தடவை தேறினார். இருபது வருஷமாக விடுமுறை நாள் வந்தால் கழுத்தில் விசில்தான். கல்யாண வீட்டுக்கும் ஒருமுறை விசிலோடு போயிருக்கிறார்.

அந்த மேட்ச் பெண்கள் மாவட்ட இறுதிப் போட்டி. மலை அணி நாற்பத்தொன்று, டவுன் அணி நாற்பது. மீதி ஆறு செகண்டு. பந்து மலை அணிக்கு. கோட்டுக்கு வெளியே நின்று உள்ளே போட வேண்டியவள் மலர்விழி. பிளஸ் டூ முடித்துவிட்டு வீட்டில் இருப்பவள். ஜெயித்தால் மண்டலப் போட்டி. மண்டலப் போட்டி சான்றிதழ் இருந்தால் அடுத்த வருஷம் காலேஜில் விளையாட்டு ஒதுக்கீட்டில் சீட். இல்லாவிட்டால் அம்மாவோடு குடகுக்குக் காப்பிக் கொட்டை பறிக்கப் போக வேண்டும்.

நடுவர் நீட்டும் பந்து ஆட்டக்காரியின் கையில் சேராமலே நழுவினால் விசில் ஊதி மறுபடி கொடுக்க வேண்டும். சேர்ந்த பிறகு நழுவினால் அது அவள் பாடு, ஆட்டம் நடக்கும். நடுவர் வேலையில் இதைவிடச் சுலபமான பாடம் இல்லை.

ஆனால் மலர்விழிக்கு ஒரு வழக்கம். முக்கியமான பந்து என்றால் இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொள்வாள். காசிநாதனின் கைக்கும் ஒரு வழக்கம் உண்டு. கட்டி முடித்த காயிலை விவசாயி கையில் கொடுக்கும்போது, அவர் பிடி இறுகும்வரை இவர் விடமாட்டார். கீழே விழுந்தால் இரண்டு நாள் உழைப்பு போய்விடும். அவள் பந்தைத் தூக்கினாள். உள்ளே போட அவளுக்கு உள்ள ஐந்து செகண்டை இவர் மனசு "ஒன்னு" என்று எண்ணத் தொடங்கிவிட்டது, கை இன்னும் விடவில்லையோ என்னவோ. பந்து திருகிக்கொண்டு உள்ளே விழுந்து உருண்டது. டவுன் பெண் ஒருத்தி பாய்ந்து எடுத்துக் கூடையில் போட்டாள். நாற்பத்திரண்டு, நாற்பத்தொன்று.

விசில் அவர் வாயில்தான் இருந்தது.

"ஊதியிருக்கலாமேப்பா," என்றார் அந்தக் கோடியில் நின்ற இன்னொரு நடுவர் சிவசங்கர். "இன்னா ஆச்சு ஒனக்கு?"

மலை அணி புகார் கொடுத்தது. மூன்றாம் நாள் மைதானத்துக்குப் பின்னால் இருந்த அறையில் கமிட்டி கூடியது. தலைவர் ஆதிமூலம் ஒரே கேள்விதான் கேட்டார்.

"பந்து அந்தப் பொண்ணு கைக்குப் போயிடுச்சா, இல்லியா? இல்லேன்னா சொல்லு, அந்த ஆறு செகண்ட திருப்பி ஆட வுட்டுடறோம்."

அதற்குள் பிரியாணி ஊரைச் சுற்றி வந்துவிட்டிருந்தது. பெஞ்சில் இருந்த நாலு பேரும் அவர் வாயைப் பார்த்தார்கள். யாராவது அவர் கையை மோந்து பார்த்தாலும் ஆச்சரியமில்லை. தப்பு என்னுடையது என்றால், தின்றதும் நிஜம் என்றாகிவிடும். இருபது வருஷ விசில் அதோடு போச்சு.

"போயிடுச்சுங்க," என்றார்.

டவுன் அணி மண்டலப் போட்டிக்குப் போய் முதல் ஆட்டத்திலேயே முப்பது புள்ளி வித்தியாசத்தில் தோற்று, போன பஸ்ஸிலேயே திரும்பி வந்தது. அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை காசிநாதன் வெள்ளிமலை பஸ் ஏறினார். ஒரு பொட்டலம் பிஸ்கட் வாங்கிக்கொண்டார். என்னத்துக்கு என்று அவருக்கே தெரியாது.

மலர்விழி வாசலில் முறத்தில் சாமையைப் பரப்பிக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். எழுந்து நின்றாள்.

"உக்காரும்மா. ஒன்னு கேக்கணும். அன்னிக்கு நீ தூக்கும்போது பந்து யாரு கையில இருந்துச்சு?"

"ரெண்டு பேரு கையிலயும் சார். நீங்க வுடவே இல்ல. பெரியவங்க ஆசீர்வாதம் பண்ணிக்கினு குடுக்கறாங்கன்னு நெனச்சிக்கினேன்."

காசிநாதன் பிஸ்கட் பொட்டலத்தை அவள் பக்கம் வைத்தார். "கமிட்டில நான் போயிடுச்சுன்னு சொல்லிட்டேன்."

அவள் சாமையை ஒருமுறை புடைத்தாள். "அப்போ எனக்கு ஒரு த்ரோ பாக்கி வெச்சிருக்கீங்க சார்."

கிண்டலா கோபமா என்று முகத்தில் தெரியவில்லை.

"குடுத்துடறேம்மா."

"எப்போ? வெள்ளிக்கெழம குடகு வண்டி வந்துடும்."

கீழே வந்ததும் ஆதிமூலத்திடம், தப்பு என்னுடையதுதான் என்று எழுதிக் கொடுக்கிறேன் என்றார். "எழுதினீன்னா பிரியாணி தின்னது நெசம்னு ஆயிடும்யா. போ, போயி மோட்டார் வேலயப் பாரு," என்று காகிதத்தைத் தொடாமலே அனுப்பிவிட்டார் தலைவர். காசு வாங்காமல், சோறு வாங்காமல், சும்மாவே ஒருவன் தப்புச் செய்வான் என்பதை நம்ப அந்த அறையில் ஆள் இல்லை.

வியாழக்கிழமை மலைக்குப் போவதாக இருந்தார். அன்று பார்த்துக் கடைக்கு நாலு மோட்டார் எரிந்து வந்தது, வெள்ளி ராத்திரி வரை கை ஒழியவில்லை. வண்டி ஒரு நாள் பிந்தியிருக்காதா என்று சனிக்கிழமை ஒரு பந்தைப் பையில் போட்டுக்கொண்டு மலை ஏறினார். வீடு பூட்டியிருந்தது.

"மாசி பொறந்தாதான் வருவாங்க," என்றாள் பக்கத்து வீட்டு ஆயம்மாள். "இன்னா விசயம்?"

"இந்தப் பந்த அதுக்குக் குடுக்கணும்."

"எங்கிட்ட குடுத்துட்டுப் போயேன் சாமி. வந்தா குடுத்துடறேன்."

"இல்லீங்க. அது கையிலதான் குடுக்கணும்."

மாசி பிறந்து முடிந்தும் போயிற்று. குடகில் இன்னும் ஒரு எஸ்டேட் வேலை சேர்ந்துகொண்டதாம். வண்டி திரும்பி வரவில்லை. பந்து காசிநாதனின் பையிலேயே இருக்கிறது.