வெறும் பாட்டுதான் மச்சான்

சேகர் என்னை ஏமாற்றுவான் என்று யாராவது சொல்லியிருந்தால் சண்டைக்குப் போயிருப்பேன்.

சிதம்பரத்தில் எம்.சி.ஏ. கடைசி வருடம். புராஜெக்டை நன்றாக ஓட்டிக் காட்டும் ஒருவருக்கு லேபிலேயே வேலை என்றார்கள். என் புரோகிராம் ஓடத் தேவையான லைப்ரரி ஃபைல்கள் எங்கே இருக்கின்றன என்று என் கம்ப்யூட்டரின் என்விரான்மென்ட் வேரியபிள் என்ற செட்டிங்கில் பாதை எழுதிக் கொடுத்தவன் கிள்ளையிலிருந்து வந்த சேகர்தான்.

வைவாவுக்கு முந்தின மாலை, என் கம்ப்யூட்டரில் செருகியே கிடந்த தன் பென் டிரைவை உருவினான்.

"அதுல என்னுது எதனா இருக்காடா?"

"வெறும் பாட்டுதான் மச்சான். நீ நிம்மதியா கடலூர் பஸ்ஸ புடி."

மறுநாள் தேர்வாளர் பின்னால் நிற்க, புரோகிராமை ஓட்ட பில்ட் கொடுத்தேன். லைப்ரரி கிடைக்கவில்லை என்று வந்தது. பாதையைத் திறந்தேன். அது எஃப் டிரைவைக் காட்டியது. அந்தப் பென் டிரைவைச் செருகினால் மட்டுமே வரும் டிரைவ் அது.

பக்கத்து நாற்காலியில் சேகரின் புரோகிராம் ஓடிக்கொண்டிருந்தது. பென் டிரைவ் அவன் கழுத்துக் கயிற்றில் தொங்கியது.

"சேகர், அத கொஞ்சம் குடுடா."

திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் அதைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டான்.

வேலை அவனுக்குத்தான் கிடைத்தது. இன்று யார் செட் செய்து கொடுத்தாலும் முதலில் பாதையைத் திறந்து பார்க்கிறேன். பார்க்கத் தோன்றாமல் இருந்த அந்த மனதையும் சேர்த்துத்தான் அவன் உருவிக்கொண்டு போனான்.