அக்காவின் குரலுக்கு ஒரு காவல்காரன்

சில பேருக்கு வாய் என்பது சாப்பிட மட்டும்தான். அந்தக் கூட்டத்துக்குத் தலைவர் தேர்தல் வைத்தால் நம் ஆள் போட்டியே இல்லாமல் ஜெயிப்பான். ஜெயித்த பிறகு நன்றி சொல்ல மேடை ஏறமாட்டான், அது வேறு விஷயம். மரச்சாமான் கடை ஒன்றில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை அவனுக்கு. பிரிண்டர் மக்கர் பண்ணினாலும், பில் போடும் திரை உறைந்துபோனாலும் "கம்ப்யூட்டர் அண்ணே!" என்று கத்துவார்கள். வருவான், சரிசெய்வான், போவான். "என்னண்ணே ஆச்சு?" என்று கேட்டால் "ஒண்ணுமில்ல" என்பான். அவனிடமிருந்து வரும் நீளமான பதில் அதுதான். ஐம்பதைத் தொடப்போகிறவனை "டேய்" என்று கூப்பிட உலகத்தில் மிச்சமிருந்தது அவன் அக்கா ஒருத்திதான். அவளுக்குத் தம்பி, அதனால் நமக்கும் தம்பி என்றே இருக்கட்டும்.

கல்யாணம் அமையவில்லை. இரண்டு மூன்று இடங்களில் பேச்சு நடந்தது. எல்லோரும் பேசினார்கள், இவன் மட்டும் பேசவில்லை. இரண்டாம் மாடியில் ஓர் அறை. ஜன்னலைத் திறந்தால் பக்கத்துக் கட்டடத்தின் சுவர். ஒரு தட்டு, ஒரு டம்ளர். நாற்காலி இரண்டு உண்டு. இரண்டாவதில் யாரும் உட்கார்ந்ததில்லை, துவைத்த துணி மட்டும் குவிந்து கிடக்கும்.

அக்கா இருந்தது வேறு ஊரில், பஸ்ஸில் ஒரு பகல் பயணம். வீட்டின் முன்னறையில் தையல் மெஷின் போட்டுத் தைத்துக் கொடுப்பாள். மெஷினாவது காலை எடுத்தால் நிற்கும், அவள் பேச்சு நிற்காது. அத்தான் சரக்கு வேன் ஓட்டுகிறவர். "வண்டி இரைச்சல்லதான்யா எனக்குக் கொஞ்சம் அமைதி" என்பார்.

ஒருநாள் அக்கா போன் பண்ணினாள். குரல் கரகரத்தது.

"தொண்டையில கட்டியாம்டா. குரல்வளையையே எடுக்கணும்னு சொல்லிட்டாங்க. அடுத்த மாசம் ஆபரேஷன். உயிருக்கு ஒண்ணும் இல்லையாம், பேச்சுதான் போயிடுமாம். போனா போகட்டும், இவ்வளவு நாள் பேசினது பத்தாதா? உங்க அத்தானுக்கு உள்ளூர சந்தோஷம்தான்."

"ம்" என்றான் தம்பி.

"டேய் ஊமைக்கோட்டான்! குரல் போகப்போகுதுன்னு சொல்றேன், அதுக்கும் ம்-ங்கிற!"

அதற்கும் "ம்" என்றான். வேறு ஏதாவது சொல்ல வாயைத் திறந்திருந்தால் அழுகைதான் வந்திருக்கும். போனை வைத்துவிட்டு, இரண்டாவது நாற்காலியில் இருந்த துணியை எடுத்து மடிக்க ஆரம்பித்தான். மடித்ததையே பிரித்து மறுபடி மடித்தான். அக்கா இருப்பாள், அவள் குரல் இருக்காது. அவனை "டேய்" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்த குரல். அதை எப்படியாவது பத்திரப்படுத்த வேண்டும் என்று அப்போதுதான் தோன்றியது.

எல்லோரும் வைத்திருக்கும் செய்தி ஆப்பில் பேசி அனுப்பச் சொல்லியிருக்கலாமே என்பீர்கள். போன வருஷம் அவன் போன் செத்துப்போனபோது அந்த ஆப்பில் இருந்தவையும் கூடவே போயிருந்தன. அதிலிருந்து, அக்காவின் குரலை அடுத்தவன் வீட்டு அலமாரியில் வைக்கமாட்டேன் என்று ஒரு வீம்பு. கடையில் கழித்துப்போட்ட பழைய கம்ப்யூட்டர் ஒன்றைக் கேட்டு வாங்கி வந்தான். குரலைப் பதிந்து அனுப்பவும் கேட்கவும் ஒரு சின்னச் செயலி, யாரும் தங்கள் சொந்தக் கம்ப்யூட்டரிலேயே வைத்து ஓட்டிக்கொள்ளலாம். அதை அதில் போட்டான். பெட்டி கட்டிலுக்கு அடியில் உட்கார்ந்து உறுமத் தொடங்கியது.

ஆனால் உள்ளே இருக்கிற செயலியை அப்படியே தெருவுக்குத் திறந்துவிட முடியுமா? கண்டவனும் நுழைவான். அதனால் முன்னால் ஒரு வெப் சர்வரை நிறுத்த வேண்டும். ரிவர்ஸ் ப்ராக்ஸி என்று பெயர். பெயரைக் கேட்டுப் பயப்படாதீர்கள், பெரிய ஆபீஸ் வாசலில் நிற்பாரே ஒரு காவல்காரர், அவர் பார்க்கிற வேலைதான். வருகிறவர் எல்லாரும் அவரிடம்தான் சொல்ல வேண்டும். கொண்டுவந்ததை அவர் வாங்கி உள்ளே கொடுப்பார், உள்ளிருந்து வரும் பதிலை வெளியே கொண்டுவந்து தருவார். உள்ளே இருப்பவர் முகத்தை வெளியாள் பார்க்கவே முடியாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க அதற்கே போயிற்று. அதற்கு எழுதும் கட்டளை வரிகளில் முதலில் ஓர் அரைப்புள்ளியை விட்டுவிட்டான், சர்வர் எழுந்திருக்க மறுத்தது. எழுந்த பிறகு, வாசலில் ஆள் இருக்கிறது, உள்ளே ஆள் இல்லை என்கிற மாதிரி ஒரு பிழை. உள்ளே எந்தக் கதவைத் தட்ட வேண்டும் என்று சொல்லும் போர்ட் எண்ணைத் தப்பாகப் போட்டிருந்தான். திருத்தினான், பூட்டுப் போட்ட பாதுகாப்பான முகவரியும் வாங்கிவிட்டான். தெருமுனைக்குப் போய் நின்று, போனில் முகவரியைத் திறந்து, "ஹலோ" என்றான். பெட்டியில் விழுந்தது. "ஹலோ, ஒண்ணு, ரெண்டு, மூணு" என்றான். அதுவும் விழுந்தது. அவ்வளவுதான் சோதனை.

முகவரியை அக்காவின் போனுக்கு அனுப்பிவிட்டு, அவளிடம் போனில் சொன்னான். "உனக்கு எப்பத் தோணுதோ அப்பப் பேசு. பட்டனை அமுக்கு, பேசு, விடு. எங்கிட்ட வந்துடும். அழியாது." அவன் ஒரே மூச்சில் அவ்வளவு பேசியது அக்காவுக்கே திகைப்பு.

"என்னடா பேசறது?"

"என்ன வேணா."

மறுநாளிலிருந்து வந்தது. "டேய், சாப்பிட்டியா?" பிறகு, "இங்க ஒரே மழை. கொடியில போட்ட துணி எல்லாம் ஈரம்." பிறகு, "மறுபடி பேசறேன், ஆள் வந்திருக்கு." இப்படியே. கடையிலிருந்து வந்ததும் சட்டையைக்கூடக் கழற்றாமல் கட்டிலில் உட்கார்ந்து கேட்பான். தட்டைக் கழுவும்போது இன்னொரு தரம் ஓடவிடுவான். எல்லாம் துண்டு துண்டு. ஒரு வாரம் போயிற்று, இரண்டு வாரம் போயிற்று. முழுசாக ஒரு பேச்சு, பழைய அக்கா மாதிரி ஒரு பேச்சு, வரவே இல்லை.

அவனுக்கு மனசு விட்டுப்போயிற்று. ஊரையே பேசித் தீர்க்கிறவள், போகிற குரலில் எனக்கு மட்டும் அளந்து கொடுக்கிறாளே என்று. அவளுக்குப் புருஷன் இருக்கிறார், பிள்ளைகள் இருக்கிறார்கள். நீளமாகப் பேச வேண்டியதை அவர்களிடம் பேசுவாள், மிச்சம் மீதிதான் நமக்கு. யோசித்தால் நியாயமாகத்தான் இருந்தது. நியாயமாக இருந்ததால்தான் ரொம்ப வலித்தது.

ஆபரேஷனுக்குக் கொஞ்ச நாள் முன்னால் அக்கா போனில் கேட்டாள். "வருதாடா நான் பேசறதெல்லாம்?"

"வருது."

அவள் சும்மா இருந்தாள். இன்னும் ஏதாவது சொல்வான் என்று காத்திருந்தாள் போலிருக்கிறது. இவனும் சும்மா இருந்தான். "சரி, வெச்சிடறேன்" என்று வைத்துவிட்டாள். அட மடையா, இன்னும் நாலு வார்த்தை பேசியிருந்தால் முத்தா உதிர்ந்திருக்கும்?

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. அவள் வீடு திரும்பிய பிறகு லீவு போட்டுவிட்டுப் போனான். முன்னறையில் மெஷின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். இளைத்திருந்தாள். கழுத்தில் ஒரு துளை, அதன் மேல் மெல்லிய துணி. அவனைப் பார்த்ததும் முகமெல்லாம் மலர்ந்தது, வாய் அசைந்தது, சத்தம் வரவில்லை. அத்தான் சமையற்கட்டுக்குள் போய்விட்டார். "ஒரு மாசமா வீடே வேற யாரோட வீடு மாதிரி இருக்குய்யா" என்றார் அங்கிருந்தபடியே.

அக்கா போனை எடுத்து ஒற்றை விரலால் தட்டிக் காட்டினாள். "எல்லாம் கேட்டியா?"

"கேட்டேன்கா."

மறுபடி தட்டினாள். "அப்புறம் ஏன் ஒண்ணுமே சொல்லல? மத்தியானம் எல்லாரும் போனப்புறம் கதவைச் சாத்திட்டு உக்காந்து எவ்வளவு பேசினேன். தொண்டை வலிக்க வலிக்க."

தம்பிக்கு விளங்கவில்லை. மழை, ஈரத்துணி, சாப்பிட்டியா. இதற்கா கதவைச் சாத்தினாள்? அவள் போனை வாங்கினான், செயலியைத் திறந்தான், பதியும் பட்டனை அமுக்கினான். நீளமாகப் பேச அவனிடம் என்ன இருக்கிறது? மெஷினின் மிதியில் காலை வைத்து வெறுமனே ஓட்டினான். கடகடவென்று அது ஓட, போன் பதிந்துகொண்டே இருந்தது. அக்கா ஒன்றும் புரியாமல் பார்த்தாள். கால் வலித்த பிறகு நிறுத்தி அனுப்பினான். ஒரு வட்டம் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. கடைசியில் திரையின் அடியில் பொடி எழுத்தில் ஒரு வரி வந்து, படிப்பதற்குள் மறைந்தது. மற்றவர்களுக்குத்தான் அது புரியாது. அவனுக்கு ஒரு பார்வை போதும். 'அனுப்பியது அளவுக்கு மீறியது, ஏற்கப்படவில்லை.'

சொன்னது செயலி இல்லை, அவன் நிறுத்திய காவல்காரன். யாரும் மாற்றிச் சொல்லாவிட்டால் அந்தச் சர்வர் சின்னப் பொட்டலத்தை மட்டுமே வாங்கும், பெரிதாக எது வந்தாலும் வாசலோடு திருப்பிவிடும். மாற்ற ஒரே ஒரு வரி எழுத வேண்டும். தொழில் தெரிந்தவன் எழுதியிருக்க வேண்டும். நீளமாக எதையாவது அனுப்பிப் பார்த்திருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும். ஆனால் தெருமுனையில் நின்ற ஒண்டி ஆளுக்கு யாரிடம், எதை, அவ்வளவு நேரம் பேச இருந்தது? "ஹலோ" சொன்னான், "ஹலோ" போய்ச் சேர்ந்தது. வேலி போட்டதும் இவனே, அந்த வேலியே பயிரை மேய்ந்துவிட்டது.

அக்கா வட்டம் சுற்றுவதைப் பார்த்ததும் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு வேலையைப் பார்க்கப் போயிருக்கிறாள். திரும்பிவந்த பேச்சு எங்கேயும் தங்கவில்லை. அவள் போனிலும் இல்லை, அவன் பெட்டியிலும் இல்லை. மனசு கேட்காமல், தன் போன் வழியாகவே பெட்டிக்குள் போய்த் தேடித்தான் பார்த்தான். பிறகு அங்கே உட்கார்ந்தபடியே அந்த ஒரு வரியை எழுதிச் சேர்த்தான். வாசல் இப்போது அகலமாகத் திறந்துவிட்டது. எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பேசலாம்.

"அக்கா," என்றான். ஒன்றையும் மறைக்காமல் சொன்னான். "நீ நீளமாப் பேசினது எதுவும் எனக்கு வரலக்கா. நான் வெச்ச கதவுதான் திருப்பி அனுப்பிடுச்சு. என் தப்பு. ரெண்டு வார்த்தை, மூணு வார்த்தை பேசினது மட்டும்தான் வந்துச்சு. உனக்கு என்கிட்டப் பேச அவ்வளவுதான் இருக்குன்னு நினைச்சுட்டேன்."

அக்கா அவனையே பார்த்தாள். அவள் தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்துப் பதறி எழுந்தான். அழவில்லை, சிரித்தாள். சத்தமே இல்லாமல், கண்ணில் நீர் வரச் சிரித்தாள். போனை எடுத்துத் தட்டினாள். "விடு. பாதிக்கு மேல உன்னைத் திட்டினதுதான்."

"எதுக்கு?"

"ஏன்டா இப்படி ஒத்தையில கிடக்கறன்னு. யார்கிட்டயாவது வாயைத் திறந்தா என்னன்னு. அம்மா போனதுல இருந்து மனசுல வெச்சிருந்த திட்டு எல்லாம்."

தம்பி அவள் கையைப் பிடித்துக்கொண்டான். "இப்போ திட்டுக்கா."

அக்கா பழக்கத்தில் வாயைத் திறந்தாள். கழுத்துத் துணிக்கு அடியில் காற்று மட்டும் உஸ்ஸென்று வந்தது. வாயை மூடிக்கொண்டு போனில் தட்டினாள். நாலு எழுத்து தட்டி அழித்தாள். மறுபடி தட்டி, மறுபடி அழித்தாள். எழுதிக் காட்டினால் அது திட்டா? போனை மெஷின் மேல் போட்டுவிட்டு, அவன் தலையை ஒரு கையால் தாழ்த்திப் பிடித்து, நடு உச்சியில் நங்கென்று ஒரு குட்டு வைத்தாள்.

பாதி நரைத்த அந்தத் தலையை அவன் நிமிர்த்தவே இல்லை. "இன்னொண்ணு போடுக்கா" என்றான். போட்டாள்.