நிறுவனம் இல்லாத பை

அந்தக் காலத்தில் வட்டம் வரைந்து வரைந்து எனக்குக் கை அலுத்துப்போயிருந்தது. கல்முனைப் பிரதான வீதியில், ஒரு மாடிப்படிக்குக் கீழே, ஒரு கணினியும் ஒரு பிரிண்டரும் வைத்த கடை என்னுடையது. முன்பு கலியாணக் கார்டும் டியூட்டரி வகுப்பு நோட்டீசும்தான் பிழைப்பு. சுனாமியாகக் கடல் வந்துபோன பிறகு நிறுவனங்கள் வந்தன. எங்கள் பக்கத்தில் நிறுவனம் என்றால் உதவி கொடுக்கிற அமைப்பு; அந்தச் சொல்லுக்கு அப்போது வேறு பொருள் இருக்கவில்லை. ஒவ்வொரு நிறுவனத்துக்கும் ஒரு சின்னம் வேண்டும். ஒரு வட்டம், அதற்குள் இரண்டு கை, கைக்கு மேலே இலை அல்லது புறா, கீழே வளைந்த எழுத்தில் பெயர். தண்ணீர்த் தாங்கியில், வாளியில், பாடசாலைப் பையில், மலசலகூடக் கதவில்கூட என் வட்டங்கள் இருந்தன. சாய்ந்தமருதில் கடற்கரைக்குக் கிட்ட இருந்த என் வீடும் போய்விட்டது. கூடாரத்தில் படுத்தெழும்பி வந்துதான் கூடாரங்களுக்கு வட்டம் போட்டுக்கொண்டிருந்தேன். பெருமைப்பட அதில் ஒன்றுமில்லை.

அந்தப் பெண் என் கடைக்கு வந்தது யுத்தம் முடிந்து, கொழும்புப் பாதையில் சோதனைச்சாவடிகள் குறையத் தொடங்கிய நாட்களில். மருதமுனைக்காரர், முப்பது வயதிருக்கும். கணவர் ஆட்டோவில் கொண்டுவந்து வாசலில் இறக்கிவிட்டுப் போனார். கக்கத்தில் நாலைந்து மரச்சட்டங்கள். சட்டங்களில் மெல்லிய வலைத்துணி இழுத்துக் கட்டியிருந்தது. முகாமில் இருந்தபோது ஒரு நிறுவனம் பெண்களுக்கு ஸ்கிரீன் பிரிண்டிங் பழக்கியதாம். கூடப் பழகியவர்கள் எல்லாரும் விட்டுவிட்டார்கள், இவர் விடவில்லை. சின்ன வயதிலிருந்தே வரைகிறவர். தான் வரைந்த படத்தை வலைத்துணியில் பதித்து, மையை ஊற்றி, ரப்பர் பட்டையால் ஒரே இழுவையில் இழுத்து, மருதமுனைத் தறித்துணியில் அச்சடிப்பார்.

நண்டு, காயப்போட்ட வலை, தறியில் குனிந்திருக்கிற பெண், குழாயடியில் வரிசை நிற்கிற பெண்கள். எல்லாரும் முதுகு காட்டிக்கொண்டுதான் நின்றார்கள். எங்கள் இஸ்லாமிய மார்க்கப்படி முகம் வரையாமல் விட்டிருக்கிறார் என்று நினைத்து, நல்ல பேணுதல் என்று பாராட்டினேன். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எங்கள் ஊரில் அண்ணனைக் காக்கா என்போம்; என்னையும் அப்படித்தான் கூப்பிட்டார்.

"முகத்த எல்லாம் நிறுவனத்து ஆக்கள் வந்து போட்டோ புடிச்சிக்கிட்டுப் போயிட்டாங்க காக்கா. எனக்கு முதுகுதான் மிச்சம்."

பிறகு ஒரு பழைய காலண்டர் தாளை மேசையில் விரித்தார். அவருடைய நண்டு, அவ்வளவு பெரிதாக, அவ்வளவு அழகாக. மூலையில் நான் வரைந்த வட்டமொன்று. அடியில் ஒரு வரி: 'பயனாளி ஒருவரின் கைவண்ணம்.' உதவி வாங்குகிறவருக்கு நிறுவனக்காரர் வைத்திருந்த பெயர் அது. அச்சடித்து வந்த நாளில் அதைத் தன் உம்மாவிடம் காட்டப் போனாராம். உம்மா எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு, இது வேறு யாரோ வரைந்தது என்று சொல்லிவிட்டாராம். இதைச் சொல்லும்போது அவர் குரல் மாறவில்லை. எனக்குத்தான் தாளைப் பார்க்க முடியாமல் இருந்தது.

கொழும்பில் கைப்பணிக் கண்காட்சி ஒன்று நடக்கப் போகிறது, அதில் கடை போட வேண்டும் என்றார். அதற்குச் சின்னம் வேண்டும், லேபல் வேண்டும், கார்ட், பை, ஒரு துண்டுப்பிரசுரம் எல்லாம் வேண்டும். எப்படி இருந்தாலும் பரவாயில்லை, தன் பேர் வர வேண்டும், படத்தைப் பார்க்கிறவன் பேரையும் பார்க்க வேண்டும். அதற்குமேல் அவர் எதுவும் கேட்கவில்லை.

நான் என்ன செய்தேன்? வட்டம் போட்டேன். உள்ளே நண்டை வைத்தேன், நண்டின் இரண்டு கொடுக்கையும் மேலே தூக்கிவிட்டேன், கீழே வளைந்த எழுத்தில் அவர் பேர். புத்தி வேறெங்கோ இருக்க, கை தன் பாட்டில் செய்த வேலை. அவர் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, காக்காவுக்குத் தெரியாததா என்று சொல்லி வாங்கிப்போனார். வெள்ளைத் துணிப்பைகளில் அதை அச்சடித்தார். கொழும்புக்குப் போகுமுன் ஊரில் நாலு பேருக்குச் சும்மா கொடுத்தால் பேர் பரவும் என்ற யோசனையும் என்னுடையதுதான்.

ஒரு காலையில், அவர் இருந்த புதிய வீட்டுத்திட்டத்தில், ஒழுங்கை முகப்பில் ஒரு மேசை போட்டுப் பைகளை அடுக்கினோம். பத்து நிமிடம் ஆகியிருக்காது, மேசைக்கு முன்னால் வரிசை விழுந்துவிட்டது. யாரும் நிற்கச் சொல்லவில்லை. பெண்கள் வீட்டுக்கு ஓடிப்போய்க் குடும்ப அட்டையை எடுத்துக்கொண்டு வந்தார்கள். சிலர் விவரமாக போட்டோ பிரதியும் கொண்டுவந்தார்கள். பின்னொழுங்கைக்கு ஏன் அறிவிக்கவில்லை என்று ஒரு பெண் என்னோடு சண்டைக்கு வந்தார். முன்னுக்கு நின்ற ஒரு வயதான பெண் பையைத் திருப்பிப் பார்த்தார். வட்டத்தைத் தடவினார். மேசைக்குப் பின்னால் நின்றவரைப் பிறந்த நாளிலிருந்து தெரிந்தவர்தான்.

"எந்த நிறுவனம் புள்ள? கையெழுத்து எங்க வெக்கிற?"

படம் வரைந்தவர் கடைசிப் பை முடியும்வரை கொடுத்துக்கொண்டே இருந்தார். பைக்குள் ஒன்றுமில்லையா என்று கேட்டவர்களுக்கு மட்டும் இல்லை என்றார். பெயரை வாசித்தவர் ஒருவருமில்லை. பையில் வட்டம் இருந்தால் அது நிறுவனம், அதில் வாசிக்க என்ன இருக்கிறது? ஐந்து வருடமாக அந்த மக்களுக்கு அதைப் பழக்கியவர்களில் நானும் ஒருவன். எனக்குக் கோபம் வந்தது. வரிசையில் நின்றவர்கள் மீதா, என் மீதா, மேசையை மடித்துக்கொண்டிருந்த அவர் மீதா என்று தெரியவில்லை.

அடுத்த நாள் கடைக்கு வந்து, "எனக்கும் ஒரு நிறுவனத்தக் கட்டித் தந்திட்டீங்க" என்று மட்டும் சொன்னார்.

மீண்டும் முதலிலிருந்து தொடங்கினோம். நான் போட்டது எதிலும் வட்டத்தின் வாடை அடித்தது. சதுரம் போட்டால் அரசாங்கம் மாதிரி இருந்தது, இலை போட்டால் மருந்துக்கடை. இரண்டு வாரம் இப்படியே போனது, இரண்டு பேருக்கும் அலுத்துவிட்டது. ஒரு நாள் அவர் மேசையில் சாய்த்து வைத்திருந்த மரச்சட்டத்தின் ஓரத்தில் மார்க்கர் எழுத்தைப் பார்த்தேன். பயிற்சியில் சட்டங்கள் மாறிப்போகாமல் ஒவ்வொருவரும் தங்கள் பேரை எழுதி வைத்திருக்கிறார்கள். இவர் பேர் கொஞ்சம் நீளம். சட்டம் முடிகிற இடத்தில் இடம் போதாமல், கடைசி எழுத்து கீழே இறங்கித் தொங்கியது. அதை அப்படியே ஸ்கேன் பண்ணி, கறுப்பில் பெரிதாக்கித் திரையில் காட்டினேன். இது என்ட கிறுக்கல், அச்செழுத்தில் போடுங்க என்று அவர் மறுத்தார். நான் விடவில்லை. அந்தக் காலம் முழுவதிலும் நான் உருப்படியாகச் செய்தது அந்த ஒன்றுதான். அதற்குக் கீழே சிறிதாக 'வரைந்து அச்சிட்டவர்' என்று போட்டோம். பைக்கும் லேபலுக்கும் கார்டுக்கும் அதுவே.

துண்டுப்பிரசுரத்துக்கு, கடல் கொண்டுபோன வாழ்வைத் தூரிகையால் மீட்டவர் என்று ஒரு வரி எழுதியிருந்தேன். அவர் விரலை வைத்துக் காட்டினார்.

"இத எடுங்க காக்கா. என்ட வேல மட்டும் இரிக்கட்டும்."

எடுத்தேன்.

கண்காட்சி விண்ணப்பம் ஆங்கிலத்தில் இருந்தது. அவருக்கு ஆங்கிலம் வராது, நிரப்பித் தாருங்கள் என்று கொடுத்துவிட்டுப் போனார். உங்களை ஒரு வரியில் அறிமுகப்படுத்துங்கள் என்று ஒரு கட்டம். ஓவியர், அச்சுக் கலைஞர் என்று எழுதினேன். எழுதிவிட்டு யோசித்தேன். கொழும்பிலேயே எத்தனை ஓவியர்கள் இருப்பார்கள், கல்முனைப் பக்கத்து ஒரு பெண்ணை யார் கூப்பிடப் போகிறார்கள்? எந்தச் சொல்லுக்குக் கதவு திறக்கும் என்று எனக்குத் தெரியும். நிறுவனம் கட்டித்தந்த என் புது வீட்டின் கூரையே அந்தச் சொல்லில்தான் நின்றது. முதலில் எழுதியதை அழித்தேன். சுனாமியாலும் யுத்தத்தாலும் பாதிக்கப்பட்ட பெண் என்று எழுதினேன். மறுநாள் அவர் வந்து, காட்டிய இடத்தில் கையெழுத்து வைத்தார். இடம் கிடைத்தது.

கொழும்பு மண்டபத்தில் நாங்கள் சாமான்களை இறக்கும்போதே கடைக்கு மேலே பலகை தொங்கிக்கொண்டிருந்தது. மூன்று மொழியிலும் என்னுடைய அந்த வரி. அவர் பேர் இல்லை. தமிழை அவர் இரண்டு தரம் வாசித்தார். எழுதிக் கொடுத்தது ஆர் என்று கேட்டார். அவங்களாகத்தான் போட்டிருப்பாங்க என்றேன். ஓம், அவங்க அப்படித்தான் என்று சொல்லிவிட்டு, பலகையைக் கழற்றச் சொல்லிக் கேட்கும்படி என்னை அனுப்பினார். நான் ஏற்பாட்டாளர்களிடம் போகவில்லை. போனால் அவர்கள் விண்ணப்பத்தை எடுத்துக் காட்டுவார்கள். வெளியே ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டுத் திரும்பி வந்து, ஏலாதாம், கழட்ட மாட்டாங்களாம் என்றேன்.

வியாபாரத்துக்குக் குறைவில்லை. வந்தவர்கள் முதலில் பலகையைப் பார்த்தார்கள், பிறகு அவரைப் பார்த்தார்கள், பிறகு பை எடுத்தார்கள். சிலர் அவர் கையைப் பிடித்து ஏதோ மெதுவாகச் சொன்னார்கள். அவர் ஒவ்வொரு பையையும் கொடுக்கும்போது லேபலைத் திருப்பி, அந்த எழுத்தின் மேல் விரல் வைத்து, தெரிந்த இரண்டு சிங்களச் சொல்லில் இது என் பேர் என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அவர்கள் தலையாட்டினார்கள், புன்னகைத்தார்கள், போனார்கள். நான் பக்கத்தில் நின்று பை மடித்துக் கொடுத்தேன். எனக்குக் கால் கடுத்தது. அதைவிட, எப்போது முடியும் என்றிருந்தது.

பின்னேரம் ஒரு பைதான் மிஞ்சியது. அதை விற்க வேண்டாம் என்று எடுத்து என் கையில் தந்தார்.

"நீங்க வெச்சிக்கங்க காக்கா. இவ்வளவு ஆக்களுக்குள்ள என்ட பேர வாசிச்ச ஆள் நீங்க ஒராள்தான்."

நான் வாங்கிக்கொண்டேன்.