பார்லர் அக்கா வைத்த மல்லிகை

எங்கள் தெருவில் பியூட்டி பார்லர் வைத்திருந்தவர் கல்கத்தாவில் பிறந்த சீனப் பெண். கழுத்தளவு முடி, எப்போதும் கறுப்புச் சட்டை. வருகிறவர்கள் தலையிலிருக்கும் பூவை இரண்டு விரலால் எடுத்துத் தூரமாக வைத்துவிட்டுத்தான் சீப்பையே தொடுவார்.

ஒரு நாள் என் பூக்கூடையிலிருந்து நிலக்கோட்டை மல்லிகையில் ஒரு முழம் நீட்டினேன். "நீங்களும் வச்சுப் பாருங்கக்கா."

"எங்காளுங்க வெள்ளைப்பூ வச்சா வீட்ல சாவுன்னு அர்த்தம். இந்த ஊருக்கு வந்த அன்னைக்கு பஸ்ல அம்புட்டுப் பொம்பளைங்க தலையிலயும் பூ. ஊருக்கே துக்கம்னு பயந்துட்டேன்" என்று சிரித்தார்.

போன சித்திரையில் ஒரு காலை அவரே பூ கேட்டு வந்தார். காதோரம் செருகிக்கொண்டு போய் பார்லரைத் திறந்தார்.

"இன்னைக்குத்தான் நம்மூர்ப் பொண்ணு மாதிரி இருக்கீங்க" என்றாள் எதிர்வீட்டுக்காரி. அவரும் தலையாட்டினார்.

யார் இறந்தது என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. என் தலையிலும் அதே பூதான் இருந்தது.